பனியில் ஓட்ட முதல் சிங்கிள் ஸ்பீட்: ரயருக்கு இடம் இருக்கிறதா?

ரொறன்ரோவிலிருந்து:

கியர் இல்லாத சைக்கிள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ஃபிக்ஸ்டா, ஃப்ரீவீலா என்றுதான். ஃபிக்ஸ்டில் சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும், ஃப்ரீவீலில் காலை நிறுத்தினாலும் சில்லு ஓடும். அது பிறகு பார்க்கிற விஷயம். பின்சில்லின் நடுவில் இருக்கிற ஹப் ஃபிளிப்-ஃபிளாப் வகை என்றால் ஒரு பக்கம் ஃபிக்ஸ்ட், மறுபக்கம் ஃப்ரீவீல். பின்சில்லைத் திருப்பிப் போட்டால் சரி. ஃபிரேமை அப்படி மாற்ற முடியாது.

போன மார்கழியில் ஒரு பழைய சைக்கிளைப் பார்க்கப் போனேன். விற்கிறவர் எடையையும் நிறத்தையும் பற்றியே பேசினார். அழகான ட்ராக் (பந்தயத் தடத்துக்கான) ஃபிரேம்தான். ஆனால் முன்ஃபோர்க்கில் 25 மி.மீ. ரயருக்கு மேலே விரல்கூட நுழையவில்லை. மட்கார்ட் பூட்ட ஓட்டையும் இல்லை. பனிக்கு ஆணி பதித்த ரயரான ஷ்வால்பே மரதன் வின்டர் 35 மி.மீ. அகலம், அதற்கும் மேலே ஈரப்பனி அடைத்துக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது பழைய இரும்பு ஃபிரேம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் (பூட்டிவிட்டுப் போக அதுவே வசதி), ஆனால் ரயரும் மட்கார்டும் தாராளமாக நுழைகின்றன.

இங்கே வீதியில் கொட்டுகிற உப்பு கியர் கேபிளையும் செயினை மாற்றிப் போடுகிற டிரெய்லியரையும் அரித்துவிடும். சிங்கிள் ஸ்பீடில் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். கடையில் பெரும்பாலும் முன்னால் 46, பின்னால் 16 பல் வரும். பின்னால் 18 போடுங்கள், எதிர்காற்றில் முழங்கால் தப்பும். குயின் வீதி ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடவுங்கள். ஃபிக்ஸ்டில் காலை நிறுத்த முடியாது, வளைவில் சாய்ந்தால் பெடல் நிலத்தில் தட்டும்.

மினியாபொலிஸிலிருந்து:

ஃப்ரீவீல் பற்றி என் அனுபவம். மைனஸ் 25 டிகிரியில் ஒரு காலை, மிட்டவுன் கிரீன்வே சைக்கிள் பாதையில் பனியெல்லாம் அள்ளிச் சுத்தமாக இருந்தது. பெடலை மிதித்தால் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவே இல்லை! ஃப்ரீவீலுக்குள் பல்லைப் பிடிக்கிற சின்னக் கொக்கிகள் கிரீஸ் இறுகி எழும்பவில்லை. வீடு வரை தள்ளிக்கொண்டுதான் போனேன். கிரீஸை எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் சரியானது. அப்புறம் ஃபிக்ஸ்டுக்கே மாறிவிட்டேன். அதில் கொக்கியே இல்லை. பின்டயர் வழுக்க ஆரம்பிப்பது காலிலேயே தெரிகிறது. ஆனாலும் முன்பிரேக்கைக் கழற்றவில்லை, நீங்களும் கழற்றாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து:

சொல்ல விட்டுப்போனது: பின்சில்லு நட்டில்தான் இறுக்கியிருக்கும். 15 மி.மீ. ஸ்பானர் பையில் இருக்கட்டும்.