முதல் இரண்டு சீட்டில் எதை ஆடுவது, எதை விடுவது?

மாமா: ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் புளியங்கொட்டை வைத்து டெக்சாஸ் ஹோல்டம் (கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும் போக்கர்) ஆடப் போகிறோம் என்பதால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். கையில் ஓர் ஏஸ் வந்துவிட்டால், கூட எந்தச் சீட்டு இருந்தாலும் ஆட்டத்தில் இறங்கலாம் அல்லவா?

அக்கா: வேண்டாம் மாமா. ஆறு பேர் ஆடும்போது உங்களிடம் ஓர் ஏஸ் இருந்தால், மற்ற ஐவரில் ஒருவரிடமாவது இன்னோர் ஏஸ் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு. உங்களிடம் ஏஸும் ஆறும், அவரிடம் ஏஸும் ராஜாவும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ஏஸ் விழுந்ததும் நீங்கள் நம்பிக்கையோடு பந்தயத்தை ஏற்றுவீர்கள். ஆனால் இருவருக்கும் அதே ஏஸ் ஜோடிதான் என்பதால் பக்கத்துச் சீட்டே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும், அங்கே ராஜாவுக்கு முன் ஆறு நிற்காது. இந்த இரண்டு கைகளும் கடைசிவரை மோதினால் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது முறை அவரே வெல்வார்.

சித்தி: இரண்டும் ஹார்ட்டினாக இருந்தால், ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷ் வருமே, அதற்காகவாவது ஆடலாமே?

அக்கா: முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே ஃப்ளஷ் அமைவது நூற்றுக்கு ஒரு முறைகூட இல்லை சித்தி, 0.84 விழுக்காடுதான். ஒரே இனமாக இருப்பது நல்ல கைக்கு இன்னும் கொஞ்சம் வலுச் சேர்க்குமே தவிர, ராணியும் மூன்றும் போன்ற கையைக் காப்பாற்றாது.

மாமா: ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டாலும், அதாவது ஆடாமல் விலகினாலும், 20 புள்ளி ஏறிவிடும். அப்படியே ஆடிப் பழகியதால் சீட்டை விட மனம் வருவதில்லை.

அக்கா: இங்கே பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம், வைக்கும் இருவரைத் தவிர மற்றவர்கள் தொடக்கத்திலேயே சீட்டைக் கவிழ்த்தால் ஒரு புளியங்கொட்டைகூடப் போகாது. ஆகவே, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று முதலில் பாருங்கள். பிளைண்டுக்கு அடுத்து முதலாவதாகப் பேச வேண்டியவருக்கு, தனக்குப் பின்னால் இருப்பவர்களின் எண்ணம் எதுவும் தெரியாது. அங்கே ராஜா-பத்தைக்கூட நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். அதே ராஜா-பத்து, பிளைண்ட் வைத்த இருவருக்கு மட்டும் முன்னால் பேசும் டீலர் இடத்தில் கிடைத்து, முன்னால் எல்லோரும் கவிழ்த்திருந்தால் தயங்காமல் பந்தயத்தை ஏற்றுவேன்.

தம்பி: போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டுகளும் லாஸ் வேகாஸ் போக்கர் உலகத் தொடரின் கடைசிக் கையைப் பத்து-இரண்டை வைத்துத்தானே வென்றார் அக்கா?

அக்கா: உண்மைதான், இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) அமைந்தது. ஆனால் அப்போது மேசையில் மிஞ்சியிருந்தவர்கள் இருவர் மட்டுமே. எதிரில் ஒருவரே இருக்கும்போது ஆடத் தகும் கைகள் பல மடங்கு பெருகும். ஆறு பேர் நடுவில் பத்து-இரண்டைத் தொடாதே.

சித்தி: சின்ன ஜோடி, இரண்டு நான்கு வந்தால்?

அக்கா: மலிவாகப் பார்க்க முடிந்தால் மட்டும் ஆடுங்கள். மூன்றாவது நான்கு முதல் மூன்று சீட்டில் வருவது எட்டு அல்லது ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான். வராவிட்டால், யாராவது பந்தயம் கட்டியதும் விட்டுவிடுங்கள்.

மாமா: இரண்டு ஏஸ் வந்தால் வெளிக்காட்டாமல் எல்லோரையும் உள்ளே வர விடலாமா?

அக்கா: கூடவே கூடாது மாமா. எதிரில் ஒருவர் என்றால் நூற்றுக்கு 85 முறை வெல்லும் அந்தக் கை, ஐந்து பேரும் ஏதோ ஒரு சீட்டோடு கடைசிவரை வந்தால் 49 முறைதான் வெல்லும். முதலிலேயே பந்தயத்தை ஏற்றி, ஓரிருவரை மட்டும் மிச்சம் வையுங்கள்.