அமெரிக்காவுக்கு அனுப்பிய ஹசப் பைல் திரும்பி வந்துவிட்டது, இனி என்ன செய்வது?

களுவாஞ்சிக்குடி மாக்காரன்:
வணக்கம். வறுத்த அரிசிமா, கறித்தூள், எள்ளுருண்டை செய்கிறோம். வேலைக்குப் பதினொரு பேர். ஹசப் (உணவில் ஆபத்து வரக்கூடிய இடங்களைக் கண்டு கட்டுப்படுத்தும் முறை) சான்றிதழோடு இரண்டு வருசமாக லண்டனுக்குச் சரக்குப் போகிறது. இப்போது நியூ ஜேர்சியில் ஒருவர் எடுக்க வந்தார். அதே பைலை அனுப்பினேன், மூன்று கேள்வியோடு திரும்பி வந்தது. உங்கள் பீ.சி.கியூ.ஐ. யார்? எள்ளுக்கு என்ன கட்டுப்பாடு? கறித்தூளில் சல்மொனெல்லாக் கிருமியை எந்த இடத்தில் கொல்கிறீர்கள்? பைல் செய்து தந்தவர் போனை எடுக்கிறாரே இல்லை. இந்த பீ.சி.கியூ.ஐ. பயிற்சிக்கு ஆள் அனுப்பியே ஆக வேண்டுமா? சுத்தத்தில் எங்களைக் குறை சொல்ல முடியாது, மில்லை ஒவ்வொரு நாளும் பைப் அடித்துக் கழுவுகிறோம்.

சம்மாந்துறை நானா:
தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீங்க. மூன்று வருடச் சராசரி விற்பனை பத்து லட்சம் டொலருக்குக் கீழே என்றால் (விலைவாசிக்கு ஏற்ப அந்த எல்லை கூடும்) எப்.டி.ஏ.க்கு (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் போதும், முழு உணவுப் பாதுகாப்புத் திட்டம் தேவையில்லை. ஒன்று, கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்கின் பெறுமதியும் அந்தக் கணக்கில் சேரும். மில்காரர் பலர் இதை மறந்துவிடுவார்கள்.

ஆரையம்பதி அக்கா:
நானா சொல்வது சட்டப்படி சரி. ஆனால் சரக்கு எங்கிருந்து, எப்படி வருகிறது என்று சரிபார்க்கும் பொறுப்பு அங்குள்ள இறக்குமதியாளரின் தலையில் இருக்கிறது. அவர் கேட்டால் இல்லை என்று சொல்லி வியாபாரம் நடக்காது.

பீ.சி.கியூ.ஐ. என்பது திட்டத்தைத் தயாரித்துப் பொறுப்பாகப் பார்க்கும் ஆள். பயிற்சி இரண்டரை நாள்தான். வேலை அனுபவமும் தகுதியாகும், ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. ஹசப்பில் எல்லாம் முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சுற்றியே ஓடும். அமெரிக்காவில் 2015இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதியில் ஒவ்வாமைப் பொருள், துப்புரவு, மூலப்பொருள் தருபவர் என்று தனித்தனியாக யோசிக்க வேண்டும், சரக்கைத் திரும்பப் பெறும் திட்டமும் வேண்டும். எள்ளு 2023 ஜனவரி முதல் அங்கே ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருள். உங்கள் பைல் அதற்கு முந்தியதோ என்னவோ.

ஆனால் என் கண்ணில் குத்தியது உங்கள் கடைசி வரிதான். தூள் அரைக்கும் இடத்தில் ஏன் தண்ணீர்? காய்ந்த தூளில் சல்மொனெல்லா பெருகாது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். ஈரம் பட்டதும் பெருகும். மிசினுக்கு அடியில் ஒரு தரம் கையை விட்டுப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி மாக்காரன்:
பார்த்தேன் அக்கா. பசை மாதிரி அப்பியிருந்தது, நாற்றம் வேறு. வெட்கமாகப் போய்விட்டது. சல்மொனெல்லா வறுக்கும்போது செத்துவிடும்தானே? நிறமும் வாசமும் பார்த்துத்தான் இறக்குகிறோம்.

ஆரையம்பதி அக்கா:
நிறமும் வாசமும் ருசிக்குச் சரி. காய்ந்த பொருளில் அந்தக் கிருமி சூட்டை நன்றாகத் தாங்கும். சட்டியில் எத்தனை பாகை, எத்தனை நிமிடம் என்று அளந்து, அது போதும் என்பதற்கு ஆய்வுச் சான்று வைத்திருக்க வேண்டும். சரி, வறுத்ததை எங்கே ஆறப் போடுகிறீர்கள்?

களுவாஞ்சிக்குடி மாக்காரன்:
முற்றத்தில், பாயில். பச்சை மல்லியும் பக்கத்தில்தான் காயும். கேட்கும்போதே விளங்குகிறது.

சம்மாந்துறை நானா:
கோழியும் வருமே! எங்கள் மில்லில் வறுத்த பக்கத்துக்குத் தனிச் செருப்பு, தனித் தும்புத்தடி. எள்ளு வேலையைக் கடைசியாக வைத்து, அதற்குத் தனிச் சல்லடை வாங்குங்க. லேபலையும் ஒவ்வொரு பக்கற்றாகப் பாருங்க, எள்ளுருண்டை அரிசிமாப் பக்கற்றில் போய்விட்டால் கதை முடிந்தது.

களுவாஞ்சிக்குடி மாக்காரன்:
பைப்பைக் கழற்றிவிட்டேன். இனித் தூரிகையும் வக்கூம் மிசினும்தான், கழற்றக்கூடிய பாகங்களை வெளியே கழுவிக் காயவைத்துப் பூட்டுகிறோம். நடுவில் சுவர் வைக்க மேசன் வியாழன் வருகிறார். பயிற்சிக்கு மனைவியை அனுப்பலாமா? அவதான் கொப்பி எழுதுகிறா, சூடு பார்ப்பதும் அவதான்.

ஆரையம்பதி அக்கா:
அவவையே அனுப்புங்கள். திட்டத்தில் கையெழுத்து மட்டும் முதலாளியோ மில்லுக்குப் பொறுப்பானவரோ போட வேண்டும். அது நீங்களா, அவவா?