குளத்தடியில் ஓர் இளைப்பாறும் இடம்: பிரதேச சபையிடம் எதைக் கேட்பது?

பாலியாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். துணுக்காய்ப் பக்கத்தில் உள்ள எங்கள் சனசமூக நிலையம், ஊர்க்குளத்தின் அருகே மக்கள் மாலை வேளையில் வந்து இளைப்பாறத்தக்க ஓர் இடத்தை அமைத்துத் தருமாறு பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதத் தீர்மானித்து, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் குளக்கட்டில் குறைந்தது முப்பது மோட்டார் சைக்கிள்களாவது நிற்கும். பிள்ளைகளோடு வரும் தாய்மார் இருப்பதற்கு ஒரு வாங்கு கிடையாது, மலசலகூடமும் கிடையாது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வாழும் என் அக்காவின் மகன், அங்குள்ள மக்கோனகி என்னும் நீர்த்தேக்கத்தின் படங்களை அனுப்பினான். வெண்மணற் கரையும், கூடாரங்களும், பாய்மரப் படகுகளும் நிறைந்த அந்தப் படங்களைப் பார்த்த எங்கள் இளைஞர்கள், படகும் நீச்சலும் நமக்கும் வேண்டும் என்கிறார்கள். "அதுவும் வயலுக்குப் பாய்ச்சக் கட்டிய குளந்தான் மாமா" என்று அவன் எழுதியது அவர்களுக்கு இன்னும் உற்சாகத்தைக் கொடுத்துவிட்டது. பெரியவர்களோ, குளத்துக்குச் சனத்தைக் கூப்பிட்டால் குளம் கெட்டுப்போகும் என்கிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. குளங்களை அறிந்தவர்கள், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று சொல்ல வேண்டும்.

கனகராயன்

தம்பி, நான் இரணைமடுவின் கீழ் நாற்பது ஆண்டுகளாக வயல் செய்கிறவன். 1902 இல் வேலை தொடங்கி 1920 இல் முடிந்த குளம் அது. பிற்காலத்தில் அதில் தேக்கும் நீரின் ஆழத்தை 36 அடிக்கு உயர்த்தினார்கள். மார்கழியில் வான் கதவுகள், அதாவது மிகைநீரை வெளியேற்றும் கதவுகள், திறக்கப்படும் நாளில் கிளிநொச்சியிலிருந்து மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலிருந்தும் சனங்கள் வந்து குவிவதை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். நிறைந்த குளத்தைக் கண்ணால் பார்ப்பது மனிதனுக்கு வேண்டிய ஒன்று. நானே அந்த நாளில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன்.

ஆனால், கட்டு என்பது மண். அதன்மேல் கடை போட்டு, வாகனம் ஏற்றி, கொட்டில் போடக் கிடங்கு கிண்டினால், மழைநீர் அந்தக் கிடங்குகளில் இறங்கிக் கட்டைக் கரைக்கத் தொடங்கும். 'முறிப்பு' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வன்னியில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு, அகத்திமுறிப்பு எல்லாம் கட்டு உடைந்த நினைவைத் தாங்கிய பெயர்கள் என்றே எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

சென்ற சிறுபோகத்தில் (கோடைப் பயிர்க்காலத்தில்), விடியற்காலையில் வாய்க்காலில் தண்ணீர் திருப்ப இறங்கியபோது, யாரோ கட்டிலிருந்து எறிந்த போத்தலின் உடைந்த அடிப்பகுதி என் வலது குதிக்காலில் ஏறி, பதினொரு நாள் வயலுக்குப் போக முடியாமற் போயிற்று. கோபத்தைக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. குளத்துக்கு வருகிறவர் விட்டுச் செல்வதெல்லாம் தண்ணீரோடு கீழே வந்து வயலில்தான் சேரும் என்பதற்காக எழுதுகிறேன். எதைக் கேட்பதென்றாலும் கட்டுக்கு வெளியே, வான் பக்கம் விலக்கி, மேட்டு நிலத்தில் கேளுங்கள். பிரதேச சபைக்குப் போகும் முன் கமக்காரர் அமைப்பிடம் போங்கள். குடிநீர்த் திட்டத்துக்காக இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது பற்றிய பேச்சு எழுந்தபோது, எங்களுக்கு ஏற்பட்ட கலக்கத்துக்குத் தண்ணீர் மட்டுமே காரணமன்று. எங்களை இருத்திவைத்துப் பேசாமல் தொடங்கியதும் காரணம்.

ஒட்டுசுட்டான் மகள்

நான் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவள். இப்போது நெப்ராஸ்காவில் இருக்கிறேன். உங்கள் மருமகன் அனுப்பிய படங்களில் தெரியாத சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மக்கோனகி, நோர்த் பிளாட் ஆற்றை மறித்துக் கட்டிய கிங்ஸ்லி அணையால் 1941 இல் உருவானது. அணையின் நீளம் ஏறத்தாழ மூன்று மைல். இரணைமடுவைப் போலப் பத்து மடங்குக்கும் கூடுதலான தண்ணீர் கொள்ளும். கிங்ஸ்லி ஒரு வங்கியாளர், மக்கோனகி ஒரு தானிய வணிகர். வறண்ட புல்வெளி நாட்டுக்குப் பாசனம் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடியவர்கள் என்பதால் அவர்களின் பெயர்கள் இடப்பட்டன. ஆகவே உங்கள் மருமகன் சொன்னது உண்மைதான். அங்கு விளையாட்டும் பொழுதுபோக்கும் பின்னர் வந்து சேர்ந்தவை. முதலுரிமை இன்றைக்கும் பயிருக்கே. கோடையில் சோளத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க நீர்மட்டம் இறங்கும். படத்தில் நீங்கள் பார்த்த அகன்ற வெண்மணற் கரை, அப்படித் தண்ணீர் விலகியதால் அகல்கின்ற எங்கள் ஊர் அலைகரை போன்றதுதான். 2000களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் படகு இறக்கும் துறைகள் பல தண்ணீருக்கு எட்டாமல் மணலில் நின்றன. அதற்காக விவசாயியின் மதகை மூடச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கவனிக்க வேண்டியது அதன் நிருவாகம். நிலமும் அணையும் பாசன, மின்சார மாவட்ட அமைப்பொன்றுக்கு உரியவை. பொழுதுபோக்குப் பகுதியை மாநிலத்தின் வனவுயிர், பூங்கா ஆணைக்குழு நடத்துகிறது. வாகனத்தில் நுழைகிறவர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தூண்டில் போடுகிறவர் உரிமம் வாங்க வேண்டும். இதைவிட, 1950 இல் அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, தூண்டில், நரம்பு போன்ற மீன்பிடிப் பொருள்களின்மீது அறவிடும் வரி மாநிலங்களுக்குத் திரும்பி வந்து, மீன்வளத்துக்கும் படகுத்துறைகளுக்கும் செலவாகிறது. குளத்தை அனுபவிக்கிறவரே அதன் பராமரிப்புக்குக் கொடுக்கிறார். மணற்கரையில் ஒருவகை உப்புக்கொத்தி முட்டையிடும் காலத்தில், அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த வட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

இன்னொன்று: கிங்ஸ்லி அணைக்கு மண் எடுத்த இடத்தில், அணைக்குக் கீழே ஒகலாலா என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. மேலே உள்ள பெரிய ஏரியில் காற்று எழும்பி அலை அடிக்கும் நாளில், பிள்ளைகளோடு வந்தவர்கள் கீழே இறங்கி இந்தச் சிறிய ஏரியின் கரையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நமக்குப் பொருந்தக்கூடியது அந்தக் கீழ்ப்பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஆசிரியை

மேலே எழுதிய தங்கச்சியின் கடைசி வரியை நான் பிடித்துக்கொள்கிறேன். வன்னியில் மக்கள் உண்மையில் குளித்து மகிழ்வது குளத்துக்குள் அல்ல, துருசுக்கு (மதகுக்கு) கீழே ஓடும் பெரிய வாய்க்காலில். நெஞ்சளவுத் தண்ணீர், அடி தெரியும் தெளிவு, மருத மர நிழல், கரையில் உடுப்புத் தோய்க்கும் தாய்மார்: இதைவிட நல்ல பொழுதுபோக்கிடம் நமக்கு எதற்கு? அங்கே நல்ல படிக்கட்டும், பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்பும், மலசலகூடமும் கேளுங்கள்.

குளத்துக்குள் நீச்சல் வேண்டாம். முதலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஆபத்துகள் வேறு. துருசின் மேற்பக்கத்தில் தண்ணீர் அசையாததுபோல் கிடக்கும், அடியில் ஆளை இழுக்கும். அலைகரையில் முழங்கால் வரை சேறு, அதற்கப்பால் தாமரைக்கொடி. என் வகுப்பில் படித்த பிள்ளை ஒருவனை ஒரு சனிக்கிழமை அப்படி இழந்தோம். நாங்கள் ஓடிப்போனபோது, அவனுடைய பள்ளிக்கூடச் சேட்டு துருசுக் கல்லின்மேல் நான்காக மடிக்கப்பட்டு, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு செருப்பு வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு கவனமான பிள்ளை. அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை ஒன்றுகூட அன்று இருக்கவில்லை.

படகு கட்டாயம் வேண்டுமென்றால், ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் அதை இறக்கக்கூடாது என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான் மகள்

ரீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்குள்ள நீர்த்தேக்கங்கள் பலவற்றில், படகுத்துறைக்கு அருகே ஒரு சட்டத்தில் வெவ்வேறு அளவு அங்கிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். காசு இல்லை, காவலும் இல்லை. எடுத்து அணிந்துவிட்டுத் திரும்பக் கொழுவிவிட்டுப் போகலாம். பத்து அங்கி வாங்கும் செலவை வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் ஏற்றுக்கொள்ள முடியும். என் பங்கை நான் தருகிறேன்.

பாலியாற்றங்கரை

ஐயா, ரீச்சர், அக்கா மூவருக்கும் நன்றி. இவற்றை வாசித்தபின் விண்ணப்பத்தை அடியிலிருந்து மாற்றி எழுதினேன். படகு, நீச்சல் இரண்டையும் எடுத்துவிட்டேன். வாய்க்காலில் படிக்கட்டு, மறைப்பு, வான் பக்க மேட்டில் நான்கு வாங்குகள், மலசலகூடம், குளக்கட்டில் வாகனம் ஏறாதபடி இரு முனையிலும் தடை, துருசடியில் பலகை என்று எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: எங்கள் குளத்தின் கீழ் இருநூறு ஏக்கருக்கும் குறைவான வயலே இருக்கிறது. அப்படியானால் அனுமதியை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்பதா?

கனகராயன்

இல்லைத் தம்பி. அந்த அளவுக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வரும். உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். சிறுபோகக் கூட்டத்துக்கு எல்லா உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். விண்ணப்பத்தின் பிரதியைக் கையில் கொண்டுபோய், தண்ணீர் விடும் திகதி தீர்மானமான பிறகு எழும்பிப் பேசுங்கள். அதற்கு முன் பேசினால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.