கற்பிட்டியில் யார் யாரைத் துரத்தினார்கள்?

வெள்ளவத்தையான்:
போன கிழமை குடும்பத்தோடு டொல்பின் பார்க்க, இலங்கையின் வடமேற்குக் கரையில் இருக்கிற கற்பிட்டிக்குப் போய் வந்தோம். முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து ஏறாமல், படகு முழுவதையும் எங்களுக்கே பேசி எடுத்துக்கொண்டோம். வெயில் ஏறுவதற்கு முன் கண்டக்குழிக் கரையில் இருந்து படகைக் கடலில் இறக்கினார்கள். கரை கண்ணுக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் முதல் முதுகு தெரிந்தது. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் டொல்பின்தான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, உடம்பை முறுக்கிச் சுழன்று, பக்கவாட்டில் தொப்பென்று விழுகின்றன. திரும்பும் வழியில் பார் ரீஃப் என்கிற பவளப்பாறையில் இறங்கி, கண்ணாடி மாஸ்க் போட்டு மிதந்தபடி கீழே பார்க்கிற ஸ்நோர்க்கலிங்கும் செய்தோம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படகுகள் டொல்பின்களைத் துரத்துகின்றன என்று இங்கே சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். நாங்கள் துரத்தவே இல்லை. அவைதான் எங்கள் படகைத் துரத்திக்கொண்டு வந்தன. தனிப்படகு செலவு கூடத்தான், ஆனால் அந்த அனுபவமே வேறு.

உப்புக்காற்று:
டொல்பின் உங்களைத் துரத்தியதா? ஏன், அதனிடம் கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லையா?

நான் கற்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன். அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று படகுக்காரர் பார்ப்பார். பக்கவாட்டில் வளைத்து ஓடி அதற்கு முன்னால் போய் நிற்பார். போய்க்கொண்டிருக்கிற கூட்டம் உங்களைக் கடந்துதானே போகவேண்டும்? நீங்கள் அணியத்தில், அதுதான் படகின் முன்முனையில், நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'ஐயோ, எங்களைத் தேடி வருகுது' என்பீர்கள். கடந்து போனதும் அவர் திரும்ப வளைப்பார். திரும்ப 'தேடி வருகுது'. இதுதான் நீங்கள் சொல்கிற துரத்தல்.

வெள்ளவத்தையான்:
அண்ணை, நீங்கள் எங்கள் படகில் இருந்தீர்களா? நான் இருந்தேன். எங்கள் ஆள் கூட்டத்தைக் கண்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் ஐந்தாறு டொல்பின் அணியத்துக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எங்களோடு சேர்ந்து ஓடி வந்தன. வீடியோ இருக்கிறது.

உப்புக்காற்று:
நின்ற படகோடு சேர்ந்து ஓடி வந்தனவா? வடிவாக யோசித்துத்தான் எழுதுகிறீர்களா?

ஓடுகிற படகின் அணியம் தண்ணீரை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் டொல்பின் வாலை அசைக்காமலே சவாரி போகும். அது விளையாட்டு, ஒத்துக்கொள்கிறேன். நின்ற படகுக்கு முன்னால் என்ன தள்ளல் இருக்கிறது? ஒன்று எஞ்சின் ஓடியிருக்கவேண்டும். இல்லையென்றால் அணியத்தில் டொல்பின் வந்திருக்கக்கூடாது. இரண்டில் எது?

வெள்ளவத்தையான்:
எஞ்சின் மிக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியதற்குச் சமம்தான்.

உப்புக்காற்று:
ஆக, ஓடியது. நன்றி.

கணக்கர்:
ஒரு சின்ன விஷயம். துரத்துவது என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பின்னால் போவதையா, முன்னால் போய் மறிப்பதையா, கிட்டப் போவதையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வெள்ளவத்தையான்:
மெதுவாக ஓடிய எஞ்சினால் எப்படித் துரத்தமுடியும்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

சாந்தி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டிசம்பர் விடுமுறையில் நாங்களும் போக நினைக்கிறோம். மகளுக்கு நீந்தத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் பார் ரீஃபில் இறக்கலாமா? பிள்ளைகளின் அளவுக்கு மாஸ்க் படகிலேயே தருவார்களா, வாங்கிக்கொண்டு போகவேண்டுமா?

உப்புக்காற்று:
மெதுவோ வேகமோ, அவை தூங்குகிற நேரத்தில் போய் எழுப்புகிறீர்கள் என்பதுதான் விஷயம். நீங்கள் பார்த்த, சுழன்று குதிக்கிற டொல்பினை ஸ்பின்னர் என்பார்கள், அந்த இனம் இரவில் இரை தேடும். ஆழத்தில் இருந்து இரவில் மேலே எழும்பி வருகிற சின்ன மீன், கணவாய், இறால்தான் அதன் சாப்பாடு. பகலில்தான் ஓய்வு. ஓய்வு என்றால் நம்மைப் போல் படுத்துவிடாது. மூளையின் ஒரு பாதி உறங்கும், மறு பாதி விழித்திருக்கும். உடம்பு மெல்ல நீந்திக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ உல்லாசப் பயணம் வந்த கூட்டம் என்று தோன்றும். இரவு வேலை முடிந்து வந்து கண்ணயர்ந்தவன் வீட்டு வாசலில் தவில் அடித்துவிட்டு, கதவைத் திறந்தான், எங்களை வரவேற்றான் என்கிறீர்கள்.

ஹவாயில் இதற்காகவே 2021இல் சட்டம் கொண்டுவந்தார்கள். கரையை ஒட்டிய கடலில் ஸ்பின்னருக்கு 50 கஜத் தூரத்துக்குள் படகும் போகக்கூடாது, ஆளும் நீந்தக்கூடாது. எகிப்தில் மர்சா ஆலம் பக்கத்தில் சமதாய் என்று ஒரு பவளப்பாறை. 2004இல் இருந்து அதன் உட்பகுதியை டொல்பின்களுக்கே விட்டுவிட்டார்கள், மனிதருக்கு அங்கே இடமில்லை. அவர்களெல்லாம் மடையர்களா?

கடைசிப்படகு:
இதுவரை சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். நான் அந்தக் கரையில் படகு ஓட்டுகிறவன்.

ஹவாய், எகிப்து என்று உப்புக்காற்று அண்ணன் சொல்வதெல்லாம் கரையோரக் குடாவில் வந்து அடங்கி ஓய்வெடுக்கிற கூட்டங்களைப் பற்றியது. கற்பிட்டியில் நாங்கள் குடாவிலா டொல்பின் பார்க்கிறோம்? நாங்கள் பார்ப்பது பவளப்பாருக்கு வெளியே, திறந்த கடலில். அங்கே காலையில் கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும். பல நாள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அணியத்துக்கு வருவதும் விட்டுப் போவதும் அதன் விருப்பம். வராத நாளில் தலைகீழாய் நின்றாலும் வராது.

இன்னொன்று. நாங்கள் ஒதுங்கி நின்றாலும் காசு கொடுத்தவர் விடுவாரா? 'கிட்டப் போ, கிட்டப் போ, பக்கத்துப் படகு போய்விட்டது பார்.' தனிப்படகு என்றால் இது இன்னும் மோசம். முழுக்காசும் ஒருவரே கொடுத்திருப்பார், கடலும் தன்னுடையது என்று நினைப்பார். கரைக்கு வந்து நட்சத்திரம் குறைத்துப் போட்டால் எங்களுக்கு அடுத்த கிழமை வேலை இல்லை. வாடைக்காலத்து ஐந்தாறு மாதம்தான் எங்கள் பிழைப்பு. மே மாதம் சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, இறங்கிவிட்டால் கடல் எங்களுடையது இல்லை.

வெள்ளவத்தையான்:
பார்த்தீர்களா? படகு ஓட்டுகிறவரே சொல்கிறார், வருவது அதன் விருப்பம் என்று. நான் ஆரம்பத்தில் இருந்து இதைத்தான் சொல்கிறேன்.

உப்புக்காற்று:
அவர் 'கிட்டப் போ' என்று உங்களைப் போன்றவர்கள் கத்துவதையும் சொன்னார். அந்தப் பந்தியை விட்டுவிட்டு வாசித்தீர்களாக்கும்.

தம்பி கடைசிப்படகு, திறந்த கடல் என்றால் உறக்கம் வேண்டாமா? மூன்று படகு மூன்று பக்கத்தில் இருந்து வளைத்தால் அது நகர்கிறதா, ஓடுகிறதா? ஒருவன் கூட்டத்தைக் கண்டால் மற்றவனுக்குப் போனில் சொல்கிறான், பத்து நிமிடத்தில் எல்லா வெள்ளைப் படகும் ஒரே இடத்தில். குட்டியோடு இருக்கிற தாயைப் பார்த்திருப்பீர்கள். குட்டியை உடம்போடு ஒட்டிக்கொண்டு, படகு வருகிற பக்கத்துக்குத் தன் முதுகைக் காட்டி, குட்டியை மறு பக்கத்துக்கு மாற்றும். எஞ்சின் சத்தம் ஏறினால் இரண்டும் சேர்ந்து அமிழும், வேறெங்கோ போய் எழும்பும். அங்கே அடுத்த படகு நிற்கும். இதையும் 'விருப்பம்' என்று எழுதுங்கள்.

கடைசிப்படகு:
பார்த்திருக்கிறேன் அண்ணை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பாவின் படகில் நீங்கள் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போன காலத்தில். அந்தப் படகுக்கு எஞ்சின் இல்லையா, பாயா கட்டியிருந்தீர்கள்? இப்போது டொரொன்டோவில் ஹீட்டர் போட்டுக்கொண்டு எங்களுக்கு வகுப்பெடுக்கிறீர்கள்.

உப்புக்காற்று:
நான் எங்கே இருக்கிறேன் என்பது இங்கே பேச்சில்லை. எஞ்சின் ஓடியதா இல்லையா என்பதுதான் பேச்சு.

முத்துக்குளி அண்ணாச்சி:
தூத்துக்குடியில் இருந்து வணக்கம். டால்பின் பார்க்க இவ்வளவு காசும் சண்டையும் எதுக்கு? எங்க பக்கம் கரையில் இருந்தே சில நாள் தெரியும். மன்னார் வளைகுடாவில் 21 தீவு, 1986லேயே தேசியப் பூங்கா. நினைத்தபடி படகைக் கொண்டுபோய்த் தீவில் விட்டுவிட முடியாது. பவளத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று எங்களைப் பார்த்துக் கத்துக்கிடலாம்.

உப்புக்காற்று:
21 தீவா? பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் எங்கே அண்ணாச்சி? இரண்டும் தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் வெட்டி வெட்டி எடுத்தீர்கள், அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவே போய்விட்டது. காப்பாற்றிய கதை சொல்ல வந்துவிட்டார்.

முத்துக்குளி அண்ணாச்சி:
உங்க நாட்டு ஹிக்கடுவ பக்கம் பவளத்தை எடுத்துச் சூளை வைத்துச் சுண்ணாம்பு சுட்டது யாரு, நாங்களா? எங்க ஊரில் சட்டம் போட்டு நிறுத்தியாச்சு. வான் தீவு கரைந்துபோகாமல் இருக்கச் செயற்கைப் பவளத்திட்டு இறக்கியிருக்கோம். நீங்க என்ன இறக்கினீங்க, டூரிஸ்ட்டையா?

கடைசிப்படகு:
எங்கள் வடக்குக் கடலில் உங்கள் இழுவைமடி வலை அடியோடு வாரிக்கொண்டு போகிறதே, அதுவும் பவளம் காக்கும் திட்டமா அண்ணாச்சி?

முத்துக்குளி அண்ணாச்சி:
அது ராமேஸ்வரத்துக்காரங்களிடம் கேளுங்க. நான் தூத்துக்குடி.

வெள்ளவத்தையான்:
பேச்சு எங்கேயோ போகிறது. என் படகைத் துரத்தின என்று நான் சொன்னதற்கு இன்னும் யாரும் சரியான மறுப்புத் தரவில்லை.

உப்புக்காற்று:
வீடியோ இருக்கிறது என்றீர்கள். போடுங்கள். சத்தத்தோடு போடுங்கள். பாட்டுச் சேர்க்காமல்.

வெள்ளவத்தையான்:
அதில் என் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பொதுவில் போடமுடியாது.

உப்புக்காற்று:
நினைத்தேன்.

சாந்தி:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும். மாஸ்க் வாங்கவேண்டுமா? சன்ஸ்கிரீன் எது பூசினால் பரவாயில்லை?

நீலப்பவளம்:
சாந்தி அக்கா, ரேஷ் கார்ட் என்கிற முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் சன்ஸ்கிரீன் முகத்துக்கு மட்டும் போதும். ஆக்ஸிபென்சோன் என்ற இரசாயனம் இருக்கிறதா என்று போத்தலில் பாருங்கள், இருந்தால் வேண்டாம். பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021இல் இருந்து மருந்துச் சீட்டு இல்லாமல் அது கலந்த சன்ஸ்கிரீன் விற்பதையே நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைக்குச் சொந்த மாஸ்க்தான் நல்லது, படகில் கிடப்பது பெரும்பாலும் பெரியவர்களின் அளவு. கடையிலேயே பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நிற்கவேண்டும். துடுப்புக்காலோடு பவளத்தின் மேல் நிற்க மட்டும் விடாதீர்கள்.

உப்புக்காற்று:
சன்ஸ்கிரீனா பவளத்தைக் கொன்றது? பார் ரீஃபை வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தது 1992. 300 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1998இல் கடல் சூடேறியபோது ஆழம் குறைந்த இடமெல்லாம் வெளுத்துச் செத்தது. எங்கள் சனத்துக்கு அன்று வெளுத்தல் என்றால் என்னவென்றே தெரியாது, யாரோ மருந்து போட்டுவிட்டார்கள் என்று பேசினார்கள். மேசை மாதிரிப் படர்கிற பவளம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2016இல் மறுபடியும் சூடு, மறுபடியும் வெளுப்பு. இப்போது போய் இறங்கிவிட்டு 'பவளம் பார்த்தோம்' என்கிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் எலும்பும் பாசியும். அதன் மேல் நங்கூரத்தைப் போடுகிறார்கள். கேட்டால் போத்தலைத் திருப்பிப் படி என்கிறீர்கள்.

நீலப்பவளம்:
அந்த அக்கா சன்ஸ்கிரீன் பற்றிக் கேட்டார், நான் சொன்னேன். எல்லாப் பதிலிலும் உங்கள் 1998ஐக் கொண்டுவரவேண்டுமா? எலும்பும் பாசியும் மட்டும்தான் என்பதும் பொய். இளம் பவளம் முளைத்திருக்கிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன் எல்லாம் இருக்கிறது.

உப்புக்காற்று:
எந்த இடத்தில்? ஆள்கூறு போடுங்கள்.

நீலப்பவளம்:
போட்டால் நாளைக்கே இருபது படகு அங்கே நிற்கும். போடமாட்டேன்.

கடைசிப்படகு:
அது நியாயமான பேச்சு. நங்கூரத்தைப் பற்றியும் சொல்கிறேன். மிதவை கட்டித் தந்தால் நாங்கள் ஏன் நங்கூரம் போடப்போகிறோம்? டிக்கெட்டுக் காசு வனவிலங்குத் திணைக்களத்துக்கு, பழி எங்களுக்கு. உப்புக்காற்று அண்ணன் காலத்தில் நங்கூரம் கல்லில் கட்டியது, அது பவளத்தை முத்தமிட்டுக்கொண்டு இறங்கியதாக்கும்.

உப்புக்காற்று:
தம்பி, என் அப்பா மணல் பார்த்துத்தான் போடுவார். தண்ணீரின் நிறத்தை வைத்தே மணலா பாரா என்று சொல்லுவார். உங்களுக்கு ஜீபிஎஸ் இல்லாவிட்டால் ஆலங்குடாவுக்கே வழி தெரியாது. அதை விடுங்கள். நீங்கள் ஓட்டுகிறவர், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். அணியத்தில் டொல்பின் ஓடுகிறது என்றால் எஞ்சின் ஓடுகிறதா, இல்லையா?

கடைசிப்படகு:
ஓடும். அதற்காகத் துரத்தினோம் என்று ஆகிவிடாது.

வெள்ளவத்தையான்:
அதேதான்!

உப்புக்காற்று:
'நிறுத்திவிட்டார்' என்று எழுதியது யார்? மேலே போய்ப் பாருங்கள், இன்னும் அழிக்கவில்லை.

கணக்கர்:
எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் துரத்தல் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்லுங்கள்...

முத்துக்குளி அண்ணாச்சி:
கணக்கர் தம்பி, உங்களை யாருமே கண்டுக்கிடல. நீங்க தூத்துக்குடிக்கு வாங்க. ஞாயிற்றுக்கிழமை மச்சான் விசைப்படகில் போகிறான், டால்பின் படம் எடுத்து இங்கேயே போடுறேன்.

உப்புக்காற்று:
போடுங்கள் அண்ணாச்சி. படத்தில் தேதியும் இடமும் தெரியவேண்டும். விசைப்படகு எஞ்சின் ஓடுகிறதா என்பதும் தெரியவேண்டும்.

முத்துக்குளி அண்ணாச்சி:
ஓடாமல், பிறகு உங்க ஊர் வரைக்கும் துடுப்பு போட்டா வருவான்?

கடைசிப்படகு:
எங்கள் ஊர் வரைக்கும் வரவேண்டாம் அண்ணாச்சி. எல்லைக்கு அந்தப் பக்கமே நின்று எடுக்கச் சொல்லுங்கள்.