மறு: 'ஸ்பீசிஸ் காம்ப்ளெக்ஸ்' தமிழில் – பங்காளியினம் சரிப்படுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒன்றுபோலத் தோன்றி, எல்லை பிரிக்கக் கடினமான நெருங்கிய உறவுச் சிற்றினங்களின் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஸ்பீசிஸ் காம்ப்ளெக்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. நான் வாய் திறக்காததற்குச் சோம்பல் காரணமில்லை. தக்கலைப் பக்கம் நல்ல மழை, முற்றம் முழுக்கக் கீழாநெல்லி. அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

> சிற்றினத் தொகுதி என்றே வைத்துவிடலாமே, எளிது.

எளிதுதான். ஆனால் பள்ளிப் பாடநூலில், உயிரினப் பாகுபாட்டின் மேல்படிகளில் ஒன்றான ஃபைலத்துக்குத் 'தொகுதி' என்று பெயர் வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. பேரினத்துக்குள்ளே கிடக்கிற நாலைந்து செடிகளுக்கு அதே சொல்லைக் கொடுத்தால், படிக்கிற பிள்ளை ஏணியின் உச்சியில் போய்த் தேடும். 'இனச்சிக்கல்' வேண்டவே வேண்டாம், செய்தித்தாள் தலைப்பு மாதிரி இருக்கிறது. 'கூட்டினம்' என்றால் கலப்பினமோ என்று தோன்றும்.

சொல்லைத் தேடுமுன் பொருளை ஒருதரம் கையில் எடுத்துப் பார்ப்போம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பில்லாந்தஸ் நிரூரி என்று ஒரு பெயர் வைத்தார். முன்னது பேரினப் பெயர், பின்னது சிற்றினப் பெயர்; கீழே சிற்றினப் பெயரை மட்டும் சொல்கிறேன். நம் நாட்டுத் தாவர நூல்கள் நெடுங்காலம் கீழாநெல்லிக்கு அந்தப் பெயரையே போட்டு வந்தன. பிறகு 1980களில் மித்ரா, ஜெயின் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் அலசிப் பார்த்தபோது, இந்திய நூல்கள் நிரூரி என்று எழுதியது ஒரு செடியை அல்ல, மூன்றை என்று தெரிந்தது: அமாரஸ், ஃபிரடெர்னஸ், டெபிலிஸ். அசல் நிரூரியோ அமெரிக்கச் செடி! ஃபிரடெர்னஸ் என்று 1955இல் பெயரிட்டவர் வெப்ஸ்டர் என்ற தாவரவியலாளர். லத்தீனில் அதற்குச் 'சகோதர' என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இது ஏட்டுச் சண்டை மட்டுமில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லியைச் சோதித்தார்கள். 76 விழுக்காட்டுக் கடைகளில் இருந்தது அமாரஸ். மீதிக் கடைகளில் அகப்பட்டவை வேறு ஐந்து இனங்கள். கோழிக்கோட்டின் பெயர் தாங்கிய கோழிக்கோடியானஸும் அதில் ஒன்று.

சரி, முற்றத்துக்கு வருகிறேன். பிடுங்கியதை முறத்தில் பரப்பி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து ஒரு செடியை மட்டும் எடுத்து அப்பால் போட்டார். "இது அது இல்ல மக்ளே. காயை நகத்தால தடவிப் பாரு, சொரசொரன்னு இருக்கும்." கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காய். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலெல்லாம் சின்னச் சின்ன முண்டு, காம்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, தண்டில் சிவப்பு. அதே பேரினத்தின் இன்னொரு செடி, யூரினேரியா! ஆச்சிக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

மிச்சம் இருந்ததில்தான் எனக்கு அரை நாள் போனது. எல்லாவற்றிலும் காய் வழவழப்பு, எல்லாம் கிளைக்கு அடியில் தொங்குகிறது. ஒன்றில் இலை நுனி மழுங்கல், இன்னொன்றில் இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கிறது. இலையை நம்பி முடிவுகட்ட மனம் வரவில்லை, நிழலில் வளர்ந்தால் இலை மாறும். பூவை எண்ணினேன். மழுங்கல் இலைச் செடியில் புல்லி (பூவின் வெளிவட்ட இதழ்) ஐந்து, ஆண்பூவும் பெண்பூவும் ஒரே இலைக்கக்கத்தில். மற்றதில் புல்லி ஆறு, கிளையின் அடிப்பக்கம் ஆண்பூக்கள், நுனிப்பக்கம் தனித்தனியே பெண்பூ. முன்னது அமாரஸ், பின்னது டெபிலிஸ். நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

ஆக, நமக்கு வேண்டிய சொல் இரண்டைச் சொல்ல வேண்டும்: இவை நெருங்கிய உறவு, ஆனால் எல்லை எங்கே என்பதில் வழக்கு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல் நம்மிடம் இருக்கிறதே! பங்காளி. பங்காளிச் சண்டை பெரும்பாலும் எதில் வரும்? வரப்பில்தானே.

> கட்டுரையில் பங்காளி என்று எழுதினால் சிரிப்பார்கள்.

குடும்பம் என்று எழுதும்போது யாரும் சிரிக்கவில்லையே ஐயா. குடும்பம் இருக்கிற வீட்டில் பங்காளி இருந்தால் என்ன? வெப்ஸ்டர் லத்தீனில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் தனிமடலில் இன்னொரு தடை சொன்னார். நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி நடந்த வீடுகளில் சொத்து போனது அக்காள் தங்கை மக்களுக்கு. 'எங்க பக்கம் பங்காளி யாருங்கறதே ஒரு கேஸு' என்கிறார். நியாயம்தான். ஆனால் அந்தக் கேஸும் எல்லைத் தகராறுதானே, அண்ணாச்சி எனக்கே சாட்சி சொல்லிவிட்டார்.

'சாயலினம்' என்று திருச்சி அக்கா சொன்னது அழகான சொல். ஆனால் சாயல் இருந்தால் உறவு இருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் ஊரில் பலாவுக்குச் சக்கை என்று பெயர்; அன்னாசியும் சக்கைதான், கைதச்சக்கை. பலாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தச் சொல்லை இப்படி உறவில்லாமல் ஒத்திருப்பவற்றுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். மேலாநெல்லி இதற்கு நேர்மாறு. ஒரே பேரினம்தான், ஆனால் தண்டிலும் கிளையிலும் இலை சுற்றிச் சுற்றி வருகிறது, பார்த்ததும் பிரித்துவிடலாம். அது உறவு, பங்காளி இல்லை. ஆச்சி தூக்கிப்போட்ட யூரினேரியாவும் அப்படித்தான்.

பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் வெவ்வேறு இனங்களைக் குறிக்கும் 'கிரிப்டிக் ஸ்பீசிஸ்' என்பதற்கு 'மறைவினம்' எனக்குச் சம்மதம், அதில் தகராறு இல்லை.

சேர்த்துத்தான் எழுத வேண்டும், பங்காளியினம் என்று. பிரித்துப் போட்டால் சாதிப் பேச்சு போலத் தொனிக்கிறது. அகராதிக்கு மாதிரி வாக்கியம்: 'கீழாநெல்லிப் பங்காளியினங்களில் அமாரஸுக்குப் புல்லி ஐந்து.'

அப்புறம் ஒரு பாக்கி. டெபிலிஸுக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டா என்று பார்க்க, இரண்டு செடியையும் ஆச்சியிடம் நீட்டினேன். "ரெண்டும் கீழாநெல்லிதானே, இதுல என்ன கேக்குத?" என்றார். வேறு பெயர் கிடைக்கும்வரை 'கூரிலைக் கீழாநெல்லி' என்று குறித்துவைக்கிறேன். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் மலைவாழ் காணி மக்களோடு பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். பெயரோடு ஒரு பூவின் படமும் அனுப்புங்கள், புல்லியை எண்ண முடிகிற மாதிரி.