பாரிக்கு ஓடிப் போய்வர வாகனத்தை மாற்றுவதா, ரயரை மாற்றுவதா?

வடலி:
அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். நவம்பரிலிருந்து வடக்கே உள்ள பாரி நகரில் மருத்துவமனை வேலை. காலை 7 மணிக்குப் பணியில் நிற்க வேண்டும் என்பதால், 400ஆம் நெடுஞ்சாலையில் இருட்டோடு இருட்டாக வடக்கே ஓட வேண்டியிருக்கும். கையில் இருப்பது 2014ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா எல்ஈ. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஓல்-சீசன் எனப்படும் சாதாரண ரயர்களே பூட்டியிருக்கின்றன. அதை விற்றுவிட்டு, கடன் எடுத்தாவது நான்கு சக்கர இயக்கம் உள்ள பாவித்த டொயோட்டா ராவ்4 அல்லது ஹொண்டா சிஆர்-வி ஒன்றை வாங்கும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். அந்தச் செலவு உண்மையிலேயே தேவையா?

கராஜ்காரன்:
தங்கச்சி, முதலில் ரயரை மாற்றி, குளிர்காலத்துக்கான விண்டர் ரயர் பூட்டுங்கள். வாகனத்தைப் பற்றி அடுத்த கோடையில் ஆறுதலாக யோசிக்கலாம்.

நான்கு சக்கர இயக்கம் வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்பவும் ஏற்றத்தில் இழுக்கவும் உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. எந்த வண்டியாக இருந்தாலும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது, வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை ரயரின் இறப்பர்தான் தீர்மானிக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும். விண்டர் ரயரின் இறப்பரோ கடுங்குளிரிலும் இளகிய நிலையிலேயே இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்கின்றன. வெறும் வீதியில் விடியற்காலைக் குளிரில் ஓடும்போதே வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அதை விண்டர் ரயராகக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தச் சின்னம்கூட, இறுகிய பனியில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்ற சோதனைக்கே வழங்கப்படுகிறது. கண்ணாடிபோல் உறைந்த வீதியில் எப்படி நிற்கும் என்பதை அது சொல்லாது. ஆகவே, ஆண்டு முழுவதும் பூட்டி வைக்கக்கூடிய, சின்னம் உள்ள ஓல்-வெதர் ரயரையும் மிச்செலின் எக்ஸ்-ஐஸ், பிரிஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலீட்டா போன்ற முழு விண்டர் ரயர்களையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ரொறன்ரோவுக்குள் மட்டும் ஓடுபவருக்கு ஓல்-வெதர் போதும், உங்களுக்குப் போதாது.

நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று முன்னால் இரண்டை மட்டும் பூட்டினால், வளைவில் பின்பக்கம் தனியே வழுக்கி வண்டி சுழன்றுவிடும்.

இனிஸ்பில்வாசி:
கராஜ்காரன் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜோர்ஜியன் குடாவின் நீர் உறையாதிருக்கும் நாட்களில், அதைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பாரியைச் சுற்றிக் கொட்டும். ரொறன்ரோவை ஒட்டிய வோனில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, வழியில் குக்ஸ்டவுனைத் தாண்டியதும் முன்னால் போகும் லொறியின் பின்விளக்கு தெரியாமல் போவது இங்கே புதினம் அல்ல. அந்த நேரத்தில் எந்த ரயரும் உங்களுக்குக் கண் தராது. புறப்படுமுன் ஒன்ராறியோ 511 இணையத்தளத்தில் வீதி நிலைமையைப் பார்த்துவிட்டு, தேவையானால் வேலைக்கு அழைத்துச் சொல்லிவிட்டுத் தாமதமாகப் புறப்படுவதே சரி.

நெடுஞ்சாலையில் பனியை வழித்து உப்புப் போட்டுவிடுவார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள உள்வீதிகளை அவ்வளவு விரைவில் கவனிக்க மாட்டார்கள். கொரோலாவின் அடித்தளம் தாழ்வானது என்பதால், பனியை உழுதுகொண்டு போக நேரிடும். அந்தக் காரணத்துக்காக உயரமான வாகனம் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கும் விண்டர் ரயர் வேண்டும், அது விலையும் கூட.

சங்குப்பிட்டி:
பாவித்த வாகனம் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பெயரை நம்பி வாங்க வேண்டாம். 2017, 2018 சிஆர்-வியின் 1.5 லீற்றர் டர்போ எஞ்சினில் குளிர்காலத்தில் பெற்றோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும் சிக்கல் இருந்தது. குறுந்தூரம் ஓடுபவர்களுக்கே அது கூடுதலாக வந்தது. 2019இலிருந்து வந்த ராவ்4 ஹைபிரிட்டின் பின் மோட்டருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கம்பியின் இணைப்பை வீதி உப்பு அரித்தது. இரண்டு நிறுவனங்களும் உத்தரவாதத்தை நீட்டின என்றாலும், பார்க்கும் வாகனத்துக்கு அந்த வேலை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். வண்டியை உயர்த்தியில் ஏற்றி, பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் பின்பக்க அடிச்சட்டத்தையும் ஒரு சுயாதீன மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சான்றிதழ் அன்றைய நிலைமையை மட்டுமே சொல்கிறது. அடுத்த குளிர்காலத்துக்கு அது பொறுப்பேற்காது.

வடலி:
மிக்க நன்றி. கொரோலாவை வைத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது இருக்கும் ரயரின் அளவு 205/55 ஆர்16 (அகலம் 205 மில்லிமீற்றர், ரிம் 16 அங்குலம்). அதே அளவில் வாங்க வேண்டுமா? காப்புறுதியில் ஏதாவது குறையுமா?

கராஜ்காரன்:
அதே மாதிரியின் அடிப்படை வகைக்கு 195/65 ஆர்15 வரும். வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். சற்று ஒடுங்கிய ரயர் பனியை அமுக்கி அடிவீதியைத் தொடும், விலையும் குறைவு, பக்கச்சுவர் உயரம் என்பதால் குழிகளில் ரிம் தப்பும். உங்கள் பிரேக்கில் 15 அங்குல ரிம் இடிக்காது என்பதைக் கடையில் பூட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, இரும்பு ரிம்மோடு சேர்த்து வாங்குங்கள். அப்போது ஒவ்வொரு பருவத்திலும் ரயரை ரிம்மிலிருந்து கழற்றும் கூலி மிச்சம். ரயரின் பக்கவாட்டில், தயாரிப்பு விவரம் காட்டும் டொட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பழைய இருப்பைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள்.

பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் பனிக்கு அவை உதவா, சட்டப்படி ஓடலாம் என்றாலும். வெப்பநிலை ஏறக்குறைய 5, 6 பாகை இறங்கும்போது ரயரின் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள்.

காப்புறுதி நிறுவனங்கள் ஒன்ராறியோவில் விண்டர் ரயருக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து விதி. தாமாகச் சொல்ல மாட்டார்கள், பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு அழைத்துக் கேளுங்கள். கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்குப்போல் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம் என்ற சட்டம் இங்கே இல்லை என்பதால் பலர் முதல் பனி விழும்வரை காத்திருக்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு கராஜிலும் நேரம் கிடைக்காது. ஒக்டோபருக்குள் பதிவு செய்துவிடுங்கள். பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியபின் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லவும் மறக்க வேண்டாம்.