எட்டு அங்குல பட்டர்ஃபிளை வால்வு: இறுக்க இறுக்க ஒழுகுகிறது, ஸ்டாப் போல்ட்டை எங்கே நிறுத்துவது?

பெர்ணம்கரை பிட்டர்:

வணக்கம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) மில். ஆற்றுத் தண்ணீர் பம்ப்பின் டெலிவரி லைனில் எட்டு அங்குல (டிஎன் 200) வேஃபர் வால்வு, அதாவது இரு குழாய் விளிம்புகளுக்கு நடுவே செருகி, உள்ளே வட்டத் தட்டு திரும்பி மூடும் பட்டர்ஃபிளை வால்வு இருக்கிறது. நடுத்தண்டு வகை (தண்டு தட்டின் நடுவே போகும்), இபிடிஎம் ரப்பர் சீட், கைச்சக்கரத்தோடு கியர் பாக்ஸ். கியர் பல் தேய்ந்துவிட்டதால் ஸ்டோரில் கிடந்த வேறொரு கியர் பாக்ஸை அதில் பொருத்தியிருக்கிறது. இப்போது முள் ‘மூடியது’ என்று காட்டும் இடத்தில் சொட்டுகிறது. சக்கரத்தை இன்னும் சுற்றினால் சொட்டு நிற்காமல் ஒழுகலாகிறது.

கியர் பாக்ஸ் பக்கவாட்டில் லாக் நட்டோடு இரண்டு போல்ட்டுகள் இருக்கின்றன. அதில் எது மூடும் பக்கத்துக்கு? போல்ட்டையே கழற்றிவிட்டு இறுக்கி மூடலாம் என்கிறார்கள், சரியா?

கூடவே இரண்டு விஷயம். பக்கத்து லைனில் காற்றில் இயங்கும் வால்வு 83 டிகிரி வரைதான் திறக்கிறது. ஸ்டெரிலைசர் (பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலன்) நீராவி லைனில் உள்ள டிரிப்பிள் ஆஃப்செட் வால்விலும் (தண்டு நடுவிலிருந்து விலகி அமைந்த, உலோக அடைப்பு வகை) இதே மாதிரி போல்ட்டுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே முறைதானா?

கிள்ளான் கியர்பாக்ஸ்:

போல்ட்டைக் கழற்ற வேண்டாம் தம்பி. உங்கள் பிரச்சினையே தட்டு போதாமல் திரும்புவது இல்லை, அளவுக்கு மேல் திரும்புவது.

நடுத்தண்டு ரப்பர் வால்வில் தட்டைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இருக்காது. தட்டின் விளிம்பு ரப்பரை நெருக்குவதால்தான் அடைப்பு கிடைக்கிறது. அந்த நெருக்கம் குழாய்க்குக் குறுக்காக நேர் செங்குத்தில்தான் முழுசாக இருக்கும். இரண்டு டிகிரி தாண்டினாலும் இடது வலது விளிம்புகள் ரப்பரின் மேட்டை விட்டு அந்தப் பக்கம் போய்விடும். அதனால்தான் இறுக்க இறுக்க ஒழுகுகிறது. இந்த வகையில் ‘இறுக்கி மூடுவது’ என்று ஒன்றே கிடையாது. சரியான கோணத்தில் நிறுத்துவது மட்டும்தான். அந்தக் கோணத்தைப் பிடித்து வைப்பது ஸ்டாப் போல்ட்.

எது மூடும் போல்ட் என்று கண்டுபிடிக்க, வால்வை மூடி நிறுத்துங்கள். இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி போல்ட்டுகளைக் கையால் உள்ளே திருகிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கியர் துண்டில் முட்டி நகராமல் நிற்பதுதான் மூடும் பக்கத்துக்கானது. மற்றது சும்மா சுற்றும்.

சரிசெய்வதற்கு முன் பம்ப்பை நிறுத்தி, பிரேக்கரைப் பூட்டி, லைனை வடித்துவிடுங்கள். ஒரு பக்கக் குழாயைப் பிரித்தால் நல்லது, தட்டைக் கண்ணால் பார்க்கலாம். வால்வு முகத்தின் மேல் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து தட்டின் இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் ஆழம் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் தட்டு நேர். டிஎன் 200 தட்டில் இரண்டு அளவுக்கும் இடையே ஏறத்தாழ 3.5 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு டிகிரி விலகல்.

குழாயைப் பிரிக்க முடியாவிட்டால் தண்டின் உச்சியைப் பாருங்கள். பெரும்பாலான வால்வுகளில் அங்கே ஒரு கோடு வெட்டியிருப்பார்கள், அது தட்டு நிற்கும் திசையைக் காட்டும். கியர் பாக்ஸின் முள்ளை நம்ப வேண்டாம். முள் காட்டுவது கியரின் நிலையை, தட்டின் நிலையை அல்ல. வேறொரு பெட்டியை மாற்றிப் போட்ட இடத்தில் இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிறகு மூடும் போல்ட்டை மூன்று நான்கு சுற்று வெளியே எடுங்கள். கைச்சக்கரத்தால் தட்டை நேராகக் கொண்டுவந்து, அங்கே போல்ட் முனை கியரைத் தொடும் வரை கையால் உள்ளே திருகுங்கள். போல்ட் சுற்றாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் லாக் நட்டை இறுக்குங்கள். முழுக்கத் திறந்து மூடி, மீண்டும் அளந்து பார்த்த பிறகுதான் குழாயைச் சேர்க்க வேண்டும். போல்ட்டை உள்ளே தள்ள வேண்டியிருந்தால் முதலில் சக்கரத்தைத் திறக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டுத் திருகுங்கள். போல்ட்டை வைத்துக் கியரை நெம்பித் தள்ளினால் பெட்டியின் வார்ப்பிரும்பு மரைதான் போகும்.

பெர்ணம்கரை பிட்டர்:

நன்றி அண்ணே. ஒரு பக்கம் பிரித்து அளந்தாயிற்று. இடது 21 மி.மீ., வலது 28 மி.மீ. போல்ட் எம்8. எத்தனை சுற்று உள்ளே விட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? லைனில் அளக்க முடியாத இன்னும் சில வால்வுகள் இருக்கின்றன, அதற்காகக் கேட்கிறேன்.

கிள்ளான் கியர்பாக்ஸ்:

7 மி.மீ. வித்தியாசம், அதாவது இரண்டு டிகிரி தாண்டியிருக்கிறது. எம்8 போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ. போல்ட் முனை கியரைத் தொடும் இடம் தண்டின் மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.8 டிகிரி. ஆக ஒரு சுற்றும் அதற்கு மேல் கொஞ்சமும். அந்த 40 மி.மீ. பெட்டிக்குப் பெட்டி மாறும், மூடியைத் திறந்து அளந்துகொள்ளுங்கள். சாதாரணமாக இந்தப் போல்ட்டுகள் இரு பக்கமும் ஐந்து டிகிரி அளவுக்குத்தான் இடம் கொடுக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பெட்டியைப் பொருத்தியதில் தவறு இருக்கிறது. சாவிக்காடியையும் (தண்டில் சாவி, அதாவது கீ, உட்காரும் பள்ளம்) அடித்தட்டின் துளைகளையும் பாருங்கள்.

போல்ட்டை வைப்பதற்கு முன் தளர்வையும் பாருங்கள். அழுத்தம் இல்லாத நிலையில் தட்டின் விளிம்பைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் விளிம்பு மட்டும் 3, 4 மி.மீ. ஆடினால் அதுவே இரண்டு டிகிரி (இங்கே பார்ப்பது ஒரே விளிம்பின் நகர்வு, இரு விளிம்புகளின் வித்தியாசம் அல்ல). தண்டுக்கும் கியருக்கும் இடையில் உள்ள புஷ்ஷோ சாவியோ தேய்ந்திருக்கும். அதை மாற்றாமல் ஸ்டாப்பை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும், போல்ட் கியரைப் பிடிக்கும், தட்டு தன் போக்கில் ஆடும்.

சக்கரத்தில் பைப் மாட்டி நெம்புவதை உங்கள் ஆட்களிடம் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். 30க்கு 1 விகித வார்ம் கியர், 25 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால் சக்கரத்தில் 60 நியூட்டன் மீட்டர் தண்டில் 450 ஆகிறது. ஸ்டாப்பில் முட்டிய பிறகும் அதே விசையைக் கொடுத்தால், 40 மி.மீ. தூரத்தில் அந்தச் சின்ன போல்ட் முனையில் ஒரு டன்னுக்கு மேல் சுமை விழும். பைப் மாட்டினால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. முதலில் போல்ட் வளையும், இல்லாவிட்டால் பெட்டியின் காது விரியும். உங்கள் பழைய கியரின் பல் தேய்ந்ததற்கும் இது காரணமாக இருக்கலாம்.

கருவிப்பிரிவு சித்தியவான்:

காற்று வால்வு பற்றி. 83இல் நிற்பது ஸ்டாப்பாலா, பலம் போதாமையாலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஸ்டாப்பில் முட்டினால் ஓட்டத்தின் முடிவில் இரும்பு தட்டும் ‘டக்’ சத்தம் கேட்கும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். பலம் போதாவிட்டால் இழுத்து இழுத்துப் போய் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். அப்படியானால் ஆக்சுவேட்டர் (காற்றின் விசையால் தண்டைத் திருப்பும் கருவி) வாயிலேயே பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். கம்ப்ரசரில் 6 பார் இருக்கலாம், நீளமான மெல்லிய ட்யூப்பின் கடைசியில் ஓட்டத்தின்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. அந்த லைனில் எண்ணெய் கலந்த நீர் போகிறதா என்றும் பாருங்கள். இபிடிஎம் எண்ணெயில் ஊதிப்போய்த் தட்டை இறுகப் பிடிக்கும். அங்கே என்பிஆர் (நைட்ரைல் ரப்பர்) சீட் வேண்டும், ஸ்டாப்பைத் தொட்டுப் பயனில்லை.

தட்டு எதிலாவது இடிக்கிறதா என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. குழாயின் உள்விட்டம் சிறியதாக இருந்தால் தட்டு 83இல் நிற்காது. வால்வு முகத்தை விட்டு வெளியே வரத் தொடங்கும் இடத்திலேயே, டிஎன் 200இல் மூடிய நிலையிலிருந்து சுமார் 18 டிகிரியிலேயே, இடித்து நின்றுவிடும். தடித்த சுவருள்ள எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் இது அடிக்கடி நடக்கும். 225 மி.மீ. எஸ்டிஆர் 11 (வெளிவிட்டம் சுவரைப் போல 11 மடங்கு) குழாயின் சுவர் 20.5 மி.மீ., உள்விட்டம் 184. தட்டின் விட்டம் 197, வால்வின் அகலம் 60 என்றால், முகத்தைத் தாண்டும் இடத்தில் தட்டுக்கு ஏறக்குறைய 188 மி.மீ. வேண்டும். ஸ்டப் எண்டின் (குழாய் முனையில் இணைக்கும் காலர் துண்டு) உள் விளிம்பைச் சரிவாகக் கடைந்து கொடுக்காமல் இது திறக்காது. ஆனால் 80க்கு மேல் போய் நிற்கிறது என்றால் ஒட்டியே செக் வால்வு (ஒருவழி வால்வு) வைத்திருக்கிறார்களா பாருங்கள். முழுத் திறப்பில் தட்டு இரு பக்கமும் 68 மி.மீ. வெளியே நீட்டும். ஸ்பூல் துண்டு (இரண்டுக்கும் இடையில் போடும் குட்டைக் குழாய்) இல்லாவிட்டால் அதில் போய் முட்டும்.

எதுவும் இடிக்கவில்லை, பலமும் போதும் என்றால் ஸ்டாப்தான். ரேக் பினியன் ஆக்சுவேட்டரின் உடலில் பக்கத்தில் இரண்டு போல்ட்டுகள் இருந்தால் ஒன்று திறப்புக்கு, ஒன்று மூடலுக்கு. காற்றை வெட்டி இரு பக்கமும் வெளியேற்றிவிட்டுத் திருகுங்கள். ஸ்பிரிங் வகையில் காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் முழு விசையும் மூடும் போல்ட்டின் மேல் நிற்கும். அந்த நிலையில் அதைத் திருகக் கூடாது. காற்று கொடுத்துத் திறந்து வைத்து, விரலை எதிலும் விடாமல், போல்ட்டைக் கால் சுற்று மாற்றி, மூடிப் பார்த்து, மீண்டும் திறந்து மாற்ற வேண்டும். பழைய மாடல்களில் இரு முனை மூடியிலும் ஒவ்வொரு திருகு இருக்கும், அவை பெரும்பாலும் திறப்பை மட்டும் கட்டுப்படுத்தும். இரண்டையும் சமமாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே பிஸ்டன் முழுச் சுமையையும் வாங்கும். ஸ்டாப்பை மாற்றினால் மேலே உள்ள லிமிட் சுவிட்ச் (திறந்தது, மூடியது என்று உணரும் சுவிட்ச்) கேமையும் மாற்றி வைக்க மறக்காதீர்கள்.

மின்சார ஆக்சுவேட்டர் இருந்தால் அங்கே வரிசை முக்கியம்: லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்த வேண்டும், இரும்பு ஸ்டாப் அதற்கு இரண்டு மூன்று டிகிரி பின்னால் நிற்க வேண்டும். ஸ்டாப் முந்தினால் ஒவ்வொரு முறையும் மோட்டார் முட்டி நின்று சூடாகும். வயரிங் பெட்டியைத் திறக்கும் வேலையைச் சார்ஜ்மேனிடம் (தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர்) விடுங்கள்.

பாய்லர் பக்கம்:

ஸ்டெரிலைசர் வால்வு பற்றி யாரும் சொல்லவில்லை. ரப்பர் வால்வின் முறையைத் தயவுசெய்து அங்கே கொண்டுபோகாதீர்கள், நேர் எதிர்.

டிரிப்பிள் ஆஃப்செட் வால்வில் அடைப்பது உலோக வளையம். தட்டு கூம்பு வடிவ சீட்டில் போய் உட்கார்ந்து, அதன் மேல் குறிப்பிட்ட முறுக்கு விசை நின்றால்தான் நீராவி நிற்கும். அங்கே சீட்தான் ஸ்டாப். மூடும் போல்ட் கியரில் முதலில் முட்டினால் சக்கரத்தைச் சுற்றும் விசையெல்லாம் போல்ட்டுக்குப் போகும், சீட்டுக்கு எதுவும் போகாது. கை இறுகுவதை வைத்து மூடிவிட்டது என்று நினைப்போம், உள்ளே தலைமயிர் அளவு இடைவெளியில் நீராவி பீய்ச்சி சீட்டை அரித்து எடுக்கும். ஆகவே மூடும் போல்ட்டை நன்றாக வெளியே எடுத்துவிட்டு, வால்வுக் கையேட்டில் உள்ள விசையில் தட்டை உட்கார வைத்து, பிறகு போல்ட்டைத் தொடும் வரை கொண்டுவந்து, அங்கிருந்து அரைச் சுற்றாவது பின்னால் எடுத்துப் பூட்டுங்கள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. திறக்கும் பக்கத்துப் போல்ட்டை மட்டும் வழக்கம்போல வைக்கலாம். குளிர்ந்த நிலையில் வைத்ததைச் சூடான பிறகு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் கதவு. மூடியதாக முள் காட்டும் வால்வு வழியாக ஸ்டெரிலைசருக்குள் நீராவி கசிந்துகொண்டிருந்தால் கதவுக்கு முன்னால் நிற்பவர் உயிருக்கு ஆபத்து. வால்வின் முள்ளைப் பார்த்து யாரும் கதவைத் தொடக் கூடாது. அழுத்தம் பூஜ்யம் என்று கேஜிலும் வடிகால் வழியாகவும் உறுதி செய்ய வேண்டும், இன்டர்லாக்கை (அழுத்தம் இருக்கும்போது கதவைத் திறக்க விடாத பூட்டு) எந்த நேரத்திலும் தாண்டக் கூடாது.

டபுள் ஆஃப்செட் வால்வும் மில்லில் இருக்கலாம், அது இந்த இரண்டு வகைக்கும் இடைப்பட்டது. பலவற்றில் தட்டு சீட்டைத் தாண்டிப் போகாமல் இருக்க உடலிலேயே ஒரு முட்டு வார்த்திருப்பார்கள். அது கடைசிக் காவல் மட்டும். தினமும் தட்டு அதில் போய் மோதக் கூடாது. கியர் ஸ்டாப் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிடிக்கும்படி வையுங்கள்.

பெர்ணம்கரை பிட்டர்:

ரப்பர் வால்வு சொட்டு இல்லாமல் நின்றுவிட்டது, ஒரு சுற்றும் கால் சுற்றும் உள்ளே. இடது வலது இரண்டும் 24.5 மி.மீ. காற்று வால்வில் ஒட்டியே செக் வால்வு இருக்கிறது, ஸ்பூல் துண்டு போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பம்ப் மோட்டாரின் ஆம்பியர் கூடுகிறது என்று, ரப்பர் வால்வை 70 டிகிரிக்கு மேல் திறக்காதபடி ஸ்டாப்பால் தடுக்கச் சொல்கிறார்கள். முடியுமா?

கிள்ளான் கியர்பாக்ஸ்:

அந்தப் போல்ட்டால் முடியாது, அதற்கு எட்டுவது ஐந்து டிகிரி மட்டும்தான். நீளமான போல்ட் போட்டுத் தள்ளவும் வேண்டாம், வளைந்துவிடும். இன்னொன்று, 70க்கு மேல் திறப்பதால் ஓட்டம் பெரிதாகக் கூடுவதில்லை. 70இல் நிறுத்தினாலும் ஆம்பியர் நீங்கள் எதிர்பார்க்கும் அளவு இறங்காது. உண்மையிலேயே ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றால் டெலிவரி கேஜையும் ஆம்பியரையும் பார்த்துக்கொண்டே மெல்ல மூடி, மோட்டார் தகட்டில் உள்ள அளவுக்குக் கீழே வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். வார்ம் கியர் என்பதால் தட்டு தானாகத் திரும்பாது. கைப்பிடி வால்வாக இருந்தால் காடித் தகட்டில் பூட்டாமல் விடக் கூடாது. ஓடும் நீர் தட்டை மூடும் பக்கமே தள்ளும், 70, 80 டிகிரி திறப்பில்தான் அந்தத் தள்ளல் அதிகம். கை நழுவினால் தட்டு ஒரேயடியாக அறைந்து மூடி, லைன் முழுக்க நீர் அடி (வாட்டர் ஹேமர்) விழும்.